போட்டோவில் இருப்பவர் என் கணவர்தான்

நாள்: 12.11.1991, செவ்வாய்க்கிழமை. நேரம்: காலை 11 மணி.

என் பெயர் அம்சவல்லி. வயது முப்பது. கணவர் பெயர் பலராமன், வயது முப்பத்தாறு. ஸ்ரீபெரும்புதூர் வட்டம், வல்லக்கோட்டை கிராமத்தில் முருகன் கோவிலுக்குத் தெற்கே உள்ள தெருவில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். படிக்கவும் கையெழுத்துப் போடவும் தெரியும். எங்களுக்கு பிரவீனா என்று எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். படப்பையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஒன்றரை வருடமாக பேக்கிங் வேலை பார்க்கிறேன். என் கணவரைக் காணவில்லை என்று கடந்த ஜூன் மாதம் 12ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த புகார் பொய்யானது என்று இன்சூரன்ஸ் கம்பெனியார் மனு கொடுத்திருப்பதாகச் சொல்லி என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். அதன்பேரில் இன்று ஆஜராகி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் என் தாய்மாமன் மகன். பதினேழு வயதிலிருந்து லேத் வேலை செய்தவர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். இரும்பைக் கடையும்போது வரும் சத்தத்தை வைத்தே சரியாகப் போகிறதா என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய முதலாளி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் கதவு கீச்சென்று சத்தம் போட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் எண்ணெய் விட்டு வருகிறவர். குடிப்பழக்கம் கிடையாது. எங்களுக்குள் விபத்துக்கு முன்னால் பெரிய சண்டை வந்ததில்லை.

சென்ற வருடம் மார்ச் 14ஆம் தேதி மாலை ஆறு மணி சுமாருக்கு, அவர் வேலை முடிந்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, ஒரகடம் கூட்டுரோட்டுக்கு அருகில், எதிரே சிங்கப்பெருமாள் கோவில் பக்கமிருந்து லாரியை முந்திக்கொண்டு வந்த வெள்ளை நிறக் கார் அவர் மீது மோதிவிட்டது. அவர் கீழே விழுந்து, வலது கை காரின் பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கார் டிரைவர் ஓடிப் போகவில்லை. அதே காரில் ஏற்றிக்கொண்டுபோய் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தார். காரின் சொந்தக்காரர் மெட்ராஸ்காரர், ஒரகடம் பக்கம் நிலம் பார்க்க வந்தவர் என்று பிறகு தெரிந்தது. என் கணவர் முப்பத்திரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். வலது கையில் நடு மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். மணிக்கட்டு திரும்பாது.

மருத்துவமனையில் இருந்தபோது கேட் அருகில் ஒருவர் என்னிடம் வந்து, மெட்ராஸில் பெரிய வக்கீல் இருப்பதாகவும், எழுதாத தாளில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். நான் போடவில்லை. அதன் பிறகு என் கணவரின் முதலாளி சொன்னதன் பேரில், ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே உரக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல் கோதண்டராமன் அவர்களிடம் போனேன். அவர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர். நான் போய் உட்கார்ந்ததும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "உங்க வூட்டுக்காரரு எந்தக் கையாலம்மா சாப்புடுவாரு?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காத்திருந்தார். மறுநாள் அவரே பஸ் ஏறி ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வந்து, சைக்கிள் விழுந்த இடத்தை டேப் பிடித்து அளந்து, டீக்கடைக்காரரிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டு போனார். அதனால் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. இன்றும் இருக்கிறது.

வக்காலத்தில் கையெழுத்துப் போட என் கணவரை அழைத்துப் போனேன். அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். மை ஒட்டிய விரலை மாடிப்படி இறங்கி ரோட்டுக்கு வரும்வரை சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் கார் சொந்தக்காரர் மீதும் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போட்ட அன்று வக்கீல் எங்கள் இருவரிடமும் ஒரு விஷயம் சொன்னார். "கேஸ் முடியற வரைக்கும் ஒரு வேலையும் தொடக் கூடாது. இன்சூரன்ஸ்காரங்க ஆள் வச்சுப் பாப்பாங்க. அவரு ஒரு குடத்தைத் தூக்கினாக்கூட கோர்ட்ல வந்து சொல்லுவாங்க" என்றார். எல்லா வக்கீலும் சொல்கிறதுதான் என்று பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான்தான் அதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டேன்.

நான் படப்பை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவர் வீட்டில் இருந்தார். இரண்டாவது மாதத்தில் அவருடைய முதலாளி, லேத்தில் நிற்க முடியாவிட்டாலும் துளை போடும் மிஷினில் நிற்கலாம், அதற்கு இடது கையே போதும் என்று கூப்பிட்டு அனுப்பினார். என் கணவர் அன்று சீக்கிரம் எழுந்து குளித்துவிட்டார். நான் பட்டறைக்குப் போய், கேஸ் முடியும்வரை அவரைக் கூப்பிட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதைக் கேட்டதும் என் கணவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் வீட்டில் சும்மா இருந்தார். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பழைய போல்ட் நட்டை வைத்துக்கொண்டு இடது கையால் கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டிருந்தார் என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வந்தவுடன் எடுத்து ஒளித்துவிடுவாராம். என்னிடம் பேசுவது குறைந்துபோனது. விபத்துக்கு முன் நான் சமைக்கும்போது கூடவே உட்கார்ந்து பட்டறையில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வார். எனக்கு அதில் பாதி புரியாது. அந்தப் பேச்சு நின்ற பிறகுதான் அதைக் கேட்டுக்கொண்டே பன்னிரண்டு வருடம் சமைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

இந்த வருடம் ஜூன் 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் சந்திரம்மாளின் பம்புசெட் நின்றுபோய், கத்தரிச் செடி எல்லாம் வாடிக் கிடந்தது. மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தபோது, என் கணவர் பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்து, இடது கையில் ஸ்பானரும், வலது கைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் நட்டுமாக வேலை செய்துகொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் மோட்டார் ஓடிவிட்டது. தண்ணீர் கொட்டியது. சந்திரம்மாள் கையைத் தட்டினாள். என் கணவர் சிரித்தார். அப்போது ரோட்டோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு ஆள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஸ்பானரை அவர் கையிலிருந்து பிடுங்கி வரப்பில் எறிந்தேன். "ரெண்டு விரல வச்சிகினு உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? சும்மா குந்த மாட்டியா?" என்று சந்திரம்மாள் முன்னாலேயே கத்தினேன். அந்த ஆள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழி கேட்க நின்றவராகக்கூட இருக்கலாம். என் கணவர் ஓடுகிற தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.  

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் இல்லை. கோவிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன். மாலை வந்து பார்த்தபோதுதான் அவருடைய இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும் இல்லை என்று தெரிந்தது. சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு பழைய பட்டறை, உறவினர் வீடுகள், செங்கல்பட்டு மருத்துவமனை எல்லா இடத்திலும் தேடினேன். அந்த நேரத்தில், மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புக் கொலை காரணமாக, அந்த வழியாகப் போகும் வெளியாட்களை எல்லாம் போலீசார் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்ததால், இவரையும் சந்தேகத்தில் எங்காவது வைத்திருப்பார்களோ என்றும் பயந்தேன். 12ஆம் தேதி இங்கே வந்து புகார் கொடுத்தேன். வக்கீலிடமும் அன்றே சொன்னேன். அவர்தான் புகாரை எழுதிக் கொடுத்தார்.

அவர் இருக்கும் இடம் எனக்கு முன்பே தெரியுமா, இன்சூரன்ஸ் கம்பெனி கேட்ட டாக்டர் பரிசோதனைக்கு அவர் வராமல் இருக்க நாங்கள் சேர்ந்து செய்த ஏற்பாடா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. ஜூலை மாதம் இந்த நிலையத்திலிருந்து ஆள் அனுப்பி, ஏரியில் ஒதுங்கிய ஒரு ஆணின் பிணத்தை அடையாளம் காட்டச் சொன்னீர்கள். நான் வந்தேன். அப்போது நான் போட்ட கையெழுத்து இங்கே இருக்கும். முகம் தெரியும்படி இல்லை. வலது கையைக் காட்டச் சொன்னேன். அதில் ஐந்து விரலும் இருந்தன. அது யாரோ ஒரு பெண்ணின் கணவராக இருக்கும் என்று தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அந்த சந்தோஷத்துக்காக வெட்கப்பட்டேன். அவர் இருக்கும் இடம் தெரிந்திருந்தால் நான் ஏன் அந்தக் கையைப் பார்க்க வர வேண்டும்?

அந்த மாதங்களில் மாலை வேலை முடிந்து ஒரகடத்தில் இறங்கினால், எங்கள் ஊர் பஸ் வந்தாலும் ஏறாமல் அடுத்த பஸ் வரை நிற்பேன். மற்ற ஊர்களிலிருந்து வரும் பஸ்களில் இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். அவருடைய சைக்கிளுக்கு வாரம் ஒரு முறை காற்று அடித்து வைத்தேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. மகள் ஒரு நாள், "நீ திட்னதாலதான அப்பா போய்டுச்சி?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.

கடந்த மாதம் 28ஆம் தேதி திங்கட்கிழமை வக்கீல் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். லீவு போட்டுவிட்டுப் போனேன். அவர் கோபமாக இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் கொடுத்த பதிலோடு ஒரு போட்டோவும் வைத்திருந்தார்கள். அதை என் முன்னால் வைத்து, "ஏம்மா, பயப்படாம உண்மையச் சொல்லு. இது யாரு?" என்று கேட்டார். போட்டோவில் ஒரு பட்டறை வாசல் தெரிந்தது. உள்ளே துளை போடும் மிஷினில் இடது கையை வைத்துக் குனிந்து நிற்கிறவர் என் கணவர். முகம் பாதிதான் தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையை நான் பார்த்ததில்லை. காலர் வெளுப்பாகத் துவைத்திருந்தது. யார் துவைத்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"என் வூட்டுக்காரரு சார்" என்றேன்.

"கேஸே போச்சுன்னு சொல்லிகினு இருக்கேன், நீ சிரிக்கிறியேம்மா?"

"உசிரோட கீறாரு சார்" என்றேன்.

வக்கீல் குனிந்து போட்டோவை இன்னொரு முறை பார்த்தார். அதன் பிறகு, முகம் சரியாகத் தெரியாததால் இது வேறு ஆள் என்று நான் கோர்ட்டில் சொன்னால் அவர்களால் நிரூபிப்பது கஷ்டம் என்றார். நான், "சார், அஞ்சு மாசமா வேற ஆளுங்களையெல்லாம் பாத்துப் பாத்து இது அவரா, இது அவரான்னு தேடிகினு இருந்தேன். இப்போ அவரையே பாத்துட்டு வேற ஆளுன்னு எப்பிடி சார் சொல்லுவேன்? என் வாயில வராது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "சொல்ல வேணாம், வுடு" என்றார். பட்டறை வாலாஜாபாத்தில் இருப்பதாக அந்தப் பதிலில் எழுதியிருந்ததை அவரே படித்துச் சொன்னார். போட்டோவைக் கேட்டேன். கோர்ட்டுக் காகிதம், தர முடியாது என்றார். ஆனால் நான் பார்த்து முடிக்கும்வரை திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் ஒரகடத்தில் பஸ் ஏறி வாலாஜாபாத் போனேன். விசாரித்துப் பட்டறையைக் கண்டுபிடித்தபோது மணி மூன்று இருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் கடை இருந்தது. அதன் ஓரமாக நின்றேன். என் கணவர் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், அவர் மிஷினில் நின்று வேலை செய்வதைப் பார்த்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. துளை போட்டு முடித்ததும் சாமானை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது அவர் பழக்கம். அதை அப்படியே செய்தார். பக்கத்து மிஷினில் நிற்கிறவரிடம் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு வெளியே வந்தார்.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அம்சா, நீ எப்பிடி இங்க?" என்றார்.

நான் அவர் தோளில் அடித்தேன். ரோட்டில் ஆட்கள் பார்த்தார்கள். அடித்தது உண்மை. மறுபடியும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

"செத்துப் போய்ட்டியோன்னு பொணத்தோட கையப் பாத்துட்டு வந்தேன் மாமா" என்றேன்.

அவருக்கு அது தெரியாது. சைக்கிள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு சொன்னார்: "வூட்ல குந்திகினு இந்தக் கையையே பாத்துகினு இருந்தா நானே ஏரில வுழுந்திருப்பேன் அம்சா. கேஸ் முடிஞ்சதும் வந்துடலாம்னுதான் இருந்தேன்."

"ஒரு கார்டு போடக் கூடாதா?"

"போட்டா உனக்கு எடம் தெரிஞ்சிடும். கோர்ட்ல கேட்டா நீ பொய் சொல்லணும். உனக்குப் பொய் வராது. தெரியாம இருந்தா நெஜத்தையே சொல்லிட்டுப் போவன்னு நெனச்சேன்."

அவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அப்படிச் செய்திருக்கிறார். நான் பட்டபாடு அதில் குறையவில்லை. இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் தங்கியிருந்த அறையைப் பார்த்தேன். பட்டறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறை. கல்லில் துணியை விரித்து, வலது முழங்கையால் அழுத்திக்கொண்டு இடது கையால் சோப்புப் போடுவாராம். நீலச் சட்டையையும் அவரே துவைத்திருக்கிறார். நான் பம்புசெட் கொட்டகையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் கேட்காமலே, அங்கே என்ன சாமான் செய்கிறார்கள், எதற்கு எத்தனை துளை என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி புரியவில்லை. பஸ் சீக்கிரம் வந்துவிட்டது.

தீபாவளிக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் இருந்தார். மகள் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார். அவரைக் கண்டுபிடித்த அன்றே இங்கே வந்து நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. தீபாவளி முடிந்து வரலாம் என்று இருந்தேன். அதற்குள் மனு வந்துவிட்டது. வேறு உள்நோக்கம் இல்லை.

வழக்கைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். வரும் 21ஆம் தேதி செங்கல்பட்டு கோர்ட்டில் என்னையும் என் கணவரையும் விசாரிக்கிறார்கள். தீபாவளி சமயத்தில் நாங்கள் இருவரும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். என் கணவர் தாம் செய்கிற வேலையைச் சொன்னார். வக்கீல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேலை செய்றதை மறைக்க வேணாம். டர்னரா இருந்தவரு இப்போ துளை போடறாரு. அந்த வித்தியாசத்தைத்தான் கேப்போம். கெடைக்கறது கொறையும். பரவாயில்லையா?" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பரவாயில்லை என்றேன். முன்பு தாம் சொன்ன யோசனை இந்தக் குடும்பத்துக்கு இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று வக்கீல் சொன்னார். கோர்ட்டிலும் இங்கே சொன்னதையேதான் சொல்வேன்.

என் கணவரை யாரும் கடத்தவில்லை, மிரட்டவில்லை. அவராகவே போனார். ஆகவே என் புகாரின் மேல் மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காணாமல் போனவர் வீடு திரும்பினார் என்று எழுதி முடித்துவிடலாமா என்று ஏட்டு ஐயா கேட்டார். அவரை வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார், அதனால்தான் கூப்பிடவில்லை. எங்கள் ஊரிலிருந்து வாலாஜாபாத்துக்கு தினமும் போய்வர பஸ் வசதி சரியாக இல்லை. எனவே, ஆள் கிடைத்துவிட்டார் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வீடு திரும்பினார் என்று எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்.

இதை நான் யாருடைய கட்டாயமும் இல்லாமல் சொன்னேன். எழுதியதை ஏட்டு ஐயா படித்துக்காட்டினார், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ப. அம்சவல்லி